ஊர்க் குறையைக் கூட்டத்தில் எழுப்பித் தீர்வு வரை கொண்டுசெல்வது எப்படி: திருகோணமலை வாசிகளுக்கான முழுமையான வழிகாட்டி

திருகோணமலை நகரிலும் சூழலிலும் உள்ள கிராம அபிவிருத்திச் சங்கங்கள், மாதர் சங்கங்கள், சனசமூக நிலையங்கள் ஆகியவற்றின் கூட்டங்களில் குறைகள் சொல்லப்படாமல் போவதில்லை. சொல்லப்பட்ட குறைகள் கடிதமாகாமல் போவதே வழக்கம். கான் அடைத்திருக்கிறது, தெரு விளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை என்று பலர் ஒரே மாலையில் பேசிவிட்டுக் கலைகிறார்கள். அடுத்த கூட்டத்தில் அவர்களே அதையே பேசுகிறார்கள்.

கூட்டத்தில் உரக்கப் பேசுவது இந்த வேலையில் மிகச் சிறிய பங்கு. குறை யாருடைய பொறுப்பு என்று கூட்டத்துக்கு முன்பே கண்டறிவதும், கூட்டத்தின் முடிவை ஓர் அலுவலர் நடைமுறைப்படுத்தக்கூடிய வாக்கியமாக எழுதுவிப்பதுமே பெரும் பங்கு. கீழுள்ள படிகளை இந்த வரிசையிலேயே செய்ய வேண்டும். ஒவ்வொன்றும் முந்தியதன் விளைவைக் கையில் எடுத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. எடுத்துக்காட்டாக, மழைக்காலத்தில் வெள்ளம் நிற்கும் ஓர் ஒழுங்கையை எடுத்துக்கொள்வோம்.

1. குறையை அளந்து எழுதுங்கள்

“எங்கள் ஒழுங்கையில் வெள்ளம்” என்பது முறைப்பாடு. அதை வைத்து எவரும் வேலை செய்ய முடியாது. எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை நீர் நிற்கிறது, மழை விட்ட பிறகு எத்தனை நாள் நிற்கிறது, எத்தனை குடும்பங்கள் அந்த வழியால் போக வேண்டியிருக்கிறது, கான் எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். வீடுகளைக் குறிக்கச் சோலைவரி இலக்கத்தைப் பயன்படுத்துங்கள். “முருகன் கோயிலுக்குப் பக்கத்து வளவு” என்றால் ஊரவருக்கு விளங்கும். கோவையைத் திறந்து பார்க்கும் அலுவலருக்கு விளங்காது.

படம் இரண்டு போதும்: நீர் நிற்கும்போது ஒன்று, வடிந்த பின் அதே இடத்திலிருந்து ஒன்று. படலையோ மதிலோ தெரியும்படி எடுத்தால் நீரின் ஆழம் தானாக விளங்கும். வட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் எடுத்த திகதி பற்றிய பதிவு நீங்கிவிடும். ஆகவே மூலப் படத்தைத் தொலைபேசியிலிருந்து அழிக்காதீர்கள்.

இந்தப் படியில் புதியவர்கள் செய்யும் தவறு, காரணத்தை ஊகித்து எழுதுவது. கான் அடைத்ததால்தான் வெள்ளம் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருக்க, உண்மையில் ஒழுங்கையின் கடைசியில் இருந்த பள்ளக் காணியை யாரோ மண் போட்டு உயர்த்தியதால் நீர் போக வழியில்லாமல் திரும்பியிருக்கும். முன்பு தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்று அங்கே நெடுங்காலம் வாழ்ந்த ஒருவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். காரணம் மாறினால் பொறுப்பான அலுவலகமும் மாறிவிடும்.

2. யாருடைய பொறுப்பு என்று கண்டறியுங்கள்

பெரும்பாலான கோரிக்கைகள் இங்கேதான் தவறுகின்றன. தவறான அலுவலகத்துக்குப் போன கடிதத்துக்கு “இது எமது விடயப்பரப்புக்கு உட்பட்டதல்ல” என்ற ஒரு வரிப் பதில் வரும். அது வரும்போது பருவமும் கடந்திருக்கும்.

முதலில் உள்ளூராட்சி எல்லை. திருகோணமலை பட்டினமும் சூழலும் என்ற ஒரே பிரதேச செயலகப் பிரிவுக்குள் நகரத்தின் சபையும் பட்டினமும் சூழலும் பிரதேச சபையும் இருக்கின்றன. உங்கள் வீடு எந்தச் சபைக்கு உட்பட்டது என்று அயலவரிடம் விசாரித்துக்கொண்டிருக்காமல், சோலைவரிப் பற்றுச்சீட்டின் தலைப்பைப் பாருங்கள். வரியைப் பெறும் சபையே உங்கள் கானுக்கும் குப்பைக்கும் பொறுப்பான சபை.

அடுத்து வீதி. அநுராதபுரத்திலிருந்து வரும் ஏ 12, அம்பேபுஸ்ஸயிலிருந்து குருநாகல் வழியாக வரும் ஏ 6, மட்டக்களப்பிலிருந்து வரும் ஏ 15 போன்ற பெருந்தெருக்கள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. அவற்றுக்கு அடுத்த தரத்து வீதிகள் சில மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்திடம் உள்ளன. உள் வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் சபையுடையவை. ஒழுங்கைக் கான் சபையுடையதாக இருக்க, அது பெருந்தெருவைக் கடக்கும் மதகு வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையதாக இருக்கலாம். மதகு அடைபட்டிருக்கையில் சபை எத்தனை முறை கானைத் தூர்வாரினாலும் வெள்ளம் வடியாது. அப்படியானால் இரண்டு அலுவலகங்களுக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுத வேண்டும். ஒரே கடிதத்தின் பிரதியை இருவருக்கும் அனுப்பினால் ஒருவர் மற்றவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒழுங்கை சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்பதையும் சபையின் வேலைப் பகுதியில் கேட்டு உறுதிசெய்யுங்கள். காணியைப் பிரித்து விற்றபோது விடப்பட்ட பல ஒழுங்கைகள் இன்னும் தனியார் வழிகளாகவே இருக்கின்றன. அவற்றில் பொதுப் பணத்தைச் செலவிடச் சபை தயங்கும். ஆகவே உங்கள் முதற் கோரிக்கை, ஒழுங்கையைச் சபை பொறுப்பேற்க வேண்டும் என்பதாக இருக்க வேண்டும். கான் அதற்குப் பிறகு.

தெரு விளக்கிலும் இதே குழப்பம் உண்டு. கம்பமும் கம்பியும் மின் விநியோக நிறுவனத்துடையவை. அதில் பொருத்திய தெரு விளக்கைப் பராமரிப்பது உள்ளூராட்சி மன்றம். குழாய் வெடித்து நீர் வீணாகினால் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் போக வேண்டும். பெயரில் “வடிகாலமைப்பு” இருப்பதால் மழைநீர்க் கானையும் அங்கே கொண்டுபோகிறவர்கள் உண்டு. அது அவர்களுடைய வேலையன்று. தேங்கிய நீரில் நுளம்பு பெருகினால் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள்; ஆனால் நீரை வடியச் செய்வது சபையின் கடமையாகவே இருக்கும்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்தில் கடற்கரையை ஒட்டிய மதில், மண் அகழ்வு, கழிவுநீர்க் குழாய் போன்றவற்றில் இன்னொரு நிறுவனமும் சேர்கிறது. உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப் பக்கமாக 300 மீற்றர் வரையான பகுதி கரையோர வலயம். அங்கே கரையோரம் பேணல் திணைக்களத்துக்கு அதிகாரம் உண்டு.

நகருக்கே உரிய சிக்கல் ஒன்றையும் சொல்ல வேண்டும். பிரெட்றிக் கோட்டையிலும் நகர வீதிகளிலும் திரியும் புள்ளிமான்கள் குப்பைப் பைகளைக் கிளறிப் பொலித்தீனைத் தின்கின்றன என்ற முறைப்பாடு கூட்டங்களில் ஒரே குறையாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் அது இரண்டு குறைகள்: குப்பை நேரத்துக்கு அகற்றப்படாதது சபையின் விடயம், மான் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு என்பதால் அதன் நலனும் இடமாற்றமும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் விடயம். இரண்டையும் ஒரே தீர்மானத்தில் போட்டால், குப்பைக்கு மானும் மானுக்குக் குப்பையும் சாக்காகிவிடும்.

3. எந்தச் சங்கம், எந்த மாதம் என்று தீர்மானியுங்கள்

கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தொடர்பு பிரதேச செயலகத்தோடு. சனசமூக நிலையத்தின் தொடர்பு உள்ளூராட்சி மன்றத்தோடு. கான், விளக்கு, குப்பை ஆகியவற்றுக்குச் சனசமூக நிலையத் தீர்மானம் நேரடியாகப் பொருந்தும். வாழ்வாதாரம், அனர்த்த நிவாரணம் போன்றவற்றுக்குக் கிராம அபிவிருத்திச் சங்கமே ஏற்றது. கிராம உத்தியோகத்தர் கூட்டத்துக்கு வருவது நல்லது; ஆனால் அவர் பிரதேச செயலாளரின் கீழ் வேலை செய்பவர். அவரிடம் சொல்லிவிட்டதால் சபைக்குத் தெரிவித்தாகிவிட்டது என்று நினைப்பது பரவலான தவறு.

மாதம் இன்னும் முக்கியம். உள்ளூராட்சி மன்றங்களின் நிதியாண்டு சனவரியில் தொடங்குகிறது. அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் அதற்கு முன்பே சபையில் நிறைவேறியிருக்க வேண்டும். மாரி மழையோ ஒக்டோபரில் தொடங்கி நவம்பர், திசம்பரில் வலுக்கிறது. வெள்ளம் வாசலுக்கு வந்த திசம்பரில் கூட்ட மண்டபம் நிரம்பி வழியும். அப்போது கேட்கும் புதிய கான் அடுத்த ஆண்டுக் கணக்கிலும் சேராமல் போகலாம். கச்சான் காற்றில் புழுதி பறக்கும் யூலை, ஓகஸ்டில் கானைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வராது. ஆனால் தூர்வாருதலையும் புதிய கட்டுமானத்தையும் கேட்பதற்குரிய காலம் அதுதான்.

4. கூட்டத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்

யார் எதிர்ப்பார்கள் என்று யோசித்து, அவர்களை முதலில் சந்தியுங்கள். கானை அகலப்படுத்தினால் படலைப் படியை இழக்கும் வீட்டுக்காரர், கானின் மேல் பலகை போட்டுக் கடை நடத்துபவர், காணியை உயர்த்தியவர் ஆகியோர் கூட்டத்தில் முதன்முறையாக இதைக் கேள்விப்பட்டால் தம்மைக் குற்றம் சாட்டுவதாகவே எடுத்துக்கொள்வார்கள். வீட்டுக்குப் போய், “அண்ணை, தண்ணி வடியாமல் எல்லாரும் கஷ்டப்படுறம், உங்கட பக்கத்தில என்ன செய்யலாம் எண்டு சொல்லுங்கோ” என்று கேட்டால் பெரும்பாலும் அவரே ஒரு வழி சொல்வார்.

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் ஒழுங்கையானால் மூன்று தரப்பிலிருந்தும் ஒருவராவது இந்தச் சந்திப்புகளில் உடன்வர வேண்டும். வெள்ளம் எல்லார் வீட்டுக்கும் ஒரே மட்டத்தில் வருகிறது. ஆனால் கடிதத்தில் ஒரு தரப்பின் பெயர்கள் மட்டும் இருந்தால் அதை வேறு விதமாக வாசிக்க ஆட்கள் இருப்பார்கள்.

5. நிகழ்ச்சி நிரலில் இடம் பெறுங்கள்

கூட்ட அழைப்பு எழுதப்படுமுன் செயலாளரிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, விடயத்தை நிகழ்ச்சி நிரலில் தனி இலக்கத்தில் சேர்க்கும்படி கேளுங்கள். “வேறு விடயங்கள்” என்ற கடைசித் தலைப்பில் எழுப்பினால், பாதிப் பேர் எழுந்து போன பின்பே உங்கள் முறை வரும். நிறைவெண் (முடிவெடுக்கத் தேவையான குறைந்தளவு வருகை) இல்லை என்று பின்னர் யாராவது ஆட்சேபிக்கவும் இடமுண்டு.

நேரத்தையும் பாருங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலும் ஞாயிறு காலையும் பலருக்குத் தொழுகைக்கும் பூசைக்கும் உரியவை. திருக்கடலூர் போன்ற கடற்றொழிலாளர் குடியிருப்புகளில் படகு புறப்படும் நேரத்தை விசாரித்தே கூட்டம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதிக்கப்பட்டவர்கள் கடலிலும் பாதிக்கப்படாதவர்கள் மண்டபத்திலும் இருப்பார்கள்.

6. கூட்டத்தில் சுருக்கமாகப் பேசுங்கள்

நான்கைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இடம், அளவு, பாதிக்கப்பட்ட குடும்பங்கள், பொறுப்பான அலுவலகம், கேட்கும் செயல் என்ற ஒழுங்கில் தாளைப் பார்த்தே சொல்லுங்கள். முந்திய உறுப்பினர் என்ன வாக்குறுதி தந்தார், எந்தக் கட்சி என்ன செய்தது என்ற பேச்சு தொடங்கினால் கூட்டம் தேர்தல் மேடையாகும். தலைவர் அதை நிறுத்தாவிட்டால் நீங்களே, “தலைவர் அவர்களே, தீர்மானத்தை வாசிக்க அனுமதியுங்கள்” என்று கேட்டு விடயத்துக்குத் திருப்பலாம்.

இன்னொருவர் தன் குறையையும் இதோடு சேர்க்கச் சொல்வார். மறுப்பது கடினந்தான், ஆனாலும் அதற்குத் தனித் தீர்மானம் முன்மொழியுமாறு சொல்லி, நீங்களே வழிமொழிவதாக வாக்குறுதி கொடுங்கள். பல குறைகள் அடுக்கிய கடிதத்தில் மிக எளிதான ஒன்று மட்டும் செய்யப்பட்டு, “நடவடிக்கை எடுக்கப்பட்டது” என்ற குறிப்போடு கோவை மூடப்படும்.

7. தீர்மானத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள். கூட்டம் முடியும் அவசரத்தில் செயலாளர் எழுதும் தீர்மானம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: “வெள்ளப் பிரச்சினை பற்றிக் கலந்துரையாடப்பட்டது. உரியவர்களின் கவனத்துக்குக் கொண்டுவரத் தீர்மானிக்கப்பட்டது.” உரியவர் யார், கவனித்து என்ன செய்ய வேண்டும், எப்போது என்ற மூன்றும் இதில் இல்லை.

மாறாக, பின்வரும் மாதிரியில் எழுதுங்கள்; அளவும் திகதியும் உங்கள் இடத்துக்கேற்ப மாறும்:

“இவ்வொழுங்கையின் பிரதான வீதி முனையிலிருந்து 120 மீற்றர் நீளமான கானைத் தூர்வாரும்படியும், அதன் முடிவிலுள்ள மதகைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கொண்டு பார்வையிட்டுத் திருத்தத்துக்கான மதிப்பீட்டைத் தயாரிக்கும்படியும், எடுக்கப்பட்ட நடவடிக்கையைச் செப்டெம்பர் 30ஆம் திகதிக்கு முன் எழுத்தில் அறிவிக்கும்படியும் பிரதேச சபைச் செயலாளரைக் கோருவதெனத் தீர்மானிக்கப்பட்டது.”

இதில் மூன்று கோரிக்கைகள் வேண்டுமென்றே வெவ்வேறு நிலையில் வைக்கப்பட்டுள்ளன. தூர்வாருதல் சபையின் வழக்கமான தொழிலாளர்களைக் கொண்டே செய்யக்கூடியது. அதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு பெரும்பாலும் தேவைப்படாது. மதகுத் திருத்தத்துக்குப் பணம் வேண்டும். பணம் ஒதுக்க மதிப்பீடு வேண்டும். மதிப்பீட்டுக்குத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் நேரில் வர வேண்டும். ஆகவே “மதகு கட்டித் தாருங்கள்” என்று கேட்பதைவிட, வந்து பார்த்து மதிப்பீடு தயாரிக்கச் சொல்வது விரைவான வழி. அது இல்லாமல் சபை உறுப்பினர் எவ்வளவு நல்லெண்ணத்தோடு பேசினாலும் வரவுசெலவுத் திட்டத்தில் எழுத ஒரு தொகை இராது. மூன்றாவது கோரிக்கையான எழுத்துப் பதில், அடுத்த படிகளுக்கு உங்களுக்குக் கையில் பிடியைத் தருகிறது.

தீர்மானத்தை முன்மொழிபவரும் வழிமொழிபவரும் முன்கூட்டியே இணங்கியிருக்க வேண்டும். நேரடியாகப் பாதிக்கப்பட்ட வீட்டைச் சேர்ந்த ஒருவர் முன்மொழிந்து, பாதிக்கப்படாத ஒருவர் வழிமொழிந்தால் அது ஊரின் கோரிக்கை என்பது வெளிப்படும்.

8. கூட்டறிக்கையும் கடிதமும்

கூட்டறிக்கைப் புத்தகத்தில் தீர்மானம் சொல்லுக்குச் சொல் பதிவாகியிருப்பதை அன்றே பாருங்கள். ஒரு வாரத்துக்குள் சங்கத்தின் கடிதத் தலைப்பில், தலைவர், செயலாளர் இருவரின் கையொப்பத்தோடும் கடிதம் போக வேண்டும். தீர்மானத்தின் பிரதி, ஒரு பக்க அளவுத் தாள், இரண்டு படங்கள் ஆகியவற்றை இணையுங்கள். ஊர் முழுவதிடமும் கையொப்பம் வாங்கி மகஜர் தயாரிப்பது, முறையான தீர்மானம் இருக்கும்போது தேவையற்ற உழைப்பு. அடையாள அட்டை இலக்கங்கள் எழுதிய தாள் கைமாறித் திரிவதும் நல்லதன்று.

கடிதத்தை இரண்டு பிரதிகளாக எடுத்துச் சென்று, இரண்டாம் பிரதியில் கிடைத்த திகதி முத்திரையைப் பெறுங்கள். அல்லது பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கோவையில் ஒட்டுங்கள். வட்டார உறுப்பினருக்கு ஒரு பிரதி போதும். அமைச்சர், ஆளுநர், பாராளுமன்ற உறுப்பினர் எல்லாருக்கும் முதற் கடிதத்திலேயே பிரதி போட்டால், அடுத்த கட்டத்தில் முறையிட ஒருவரும் மிச்சமிருக்க மாட்டார்கள். முகநூலுக்கும் இதே விதி: அலுவலர் கடிதத்தைப் பார்க்கும் முன்பே படத்தைப் பார்த்தால், பதில் எழுதுவதைவிடத் தன்னைக் காப்பதிலேயே கவனமாக இருப்பார்.

மொழியைப் பற்றித் தயங்க வேண்டாம். தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பில் உண்டு. கொழும்பிலுள்ள தலைமையகத்துக்கு எழுதும்போதும் அப்படியே.

9. ஒருவர் மட்டும் பின்தொடரட்டும்

பொறுப்பு ஒருவரிடம் இருக்க வேண்டும். குழுவிடம் விட்டால் மற்றவர் போயிருப்பார் என்று எல்லாரும் இருந்துவிடுவார்கள். இரண்டு வாரம் கழித்து அலுவலகத்தில் கடிதத்தின் கோவை இலக்கத்தையும் அது எந்தப் பகுதியிடம் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். “என்ன நடந்தது?” என்ற கேள்விக்கு “பார்க்கிறோம்” என்ற பதிலே வரும், “மதிப்பீட்டுக்குத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வரும் திகதி எது?” என்ற கேள்விக்குத் திகதியைத்தான் சொல்ல வேண்டும். போனவரின் பெயர், சந்தித்தவரின் பதவி, சொல்லப்பட்டது, திகதி ஆகியவற்றை அன்றே குறித்துவையுங்கள்.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் வரும் நாளில் இருவர் நின்றால் போதும். பெருங்கூட்டம் கூடினால் அவர் அளப்பதை விட்டு விளக்கம் சொல்லத் தொடங்குவார். அவர் பார்க்க வேண்டியது கானின் மட்டத்தை.

10. பதில் வராவிட்டால்

கேட்ட திகதி கடந்து ஒரு நினைவூட்டல் கடிதமும் பயனின்றிப் போனால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தலாம். சட்டம் கானைத் திருத்தித் தராது, ஆவணத்தையே தரும். எனவே “ஏன் திருத்தவில்லை?” என்று கேட்காதீர்கள். உங்கள் கடிதம் கிடைத்த திகதி, அது ஒப்படைக்கப்பட்ட அலுவலரின் பதவி, அதில் எழுதப்பட்ட குறிப்புகளின் பிரதி, அந்த வட்டாரத்தின் கான்களுக்கு அவ்வாண்டில் ஒதுக்கிய தொகை ஆகியவற்றைக் கேளுங்கள்.

கோரிக்கையை அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் கொடுத்து, கிடைத்ததற்கான எழுத்துச் சான்றைப் பெறுங்கள். தகவல் எதற்கு என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவர் 14 வேலை நாட்களுக்குள் முடிவை அறிவிக்க வேண்டும். மறுத்தாலோ மௌனமாக இருந்தாலோ, 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அதன் பின் இரண்டு மாதங்களுக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடம் போகலாம். கோரிக்கை எழுதப்பட்டவுடனேயே பல கோவைகள் மேசைக்கு வந்துவிடுகின்றன என்பது இதைச் செய்தவர்கள் பலரும் கண்டது.

11. வேலை நடந்த பின்

கான் தூர்வாரப்பட்டதும் அகற்றிய மண் கரையில் குவிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அள்ளிச் செல்லாவிட்டால் முதல் மழையிலேயே அது மறுபடி கானுக்குள் இறங்கும். மதகில் கொங்கிறீற் வேலை நடந்தால், வேலைக்கு முன் அளந்த அதே இடங்களில் மறுபடி அளந்து படமெடுங்கள். செய்யப்பட்டதற்கு நன்றியும், மீதமிருப்பதன் விவரமும் ஒரே கடிதத்தில் சபைக்குப் போகட்டும்.

சங்கத்தின் அடுத்த கூட்டத்திலேயே விடயத்தை முடிந்ததாக அறிவிக்க ஆவல் எழும். ஒக்டோபர் மழை ஒன்று பெய்து, ஒழுங்கையில் நீர் எவ்வளவு நேரத்தில் வடிந்தது என்று பார்த்துக் கூட்டறிக்கையில் எழுதும் வரை, அதை நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்காதீர்கள்.